சன்மானம் வேண்டாம், கூலி கொடு

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



'எழுதிப் பிழைக்க முடியுமா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். போன மாதம் ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தான். எம்.ஏ. முடித்தவன், தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறான். "அண்ணே, வேலய வுட்டுட்டு முழுநேரமா எழுதலாம்னு இருக்கேன், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். "வூட்ல யாரு சம்பாதிக்கிறாங்க?" என்று நான் திருப்பிக் கேட்டேன். "நான் மட்டுந்தாண்ணே" என்றான். அன்றைக்கு அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

ப்ரீலான்ஸ் எழுத்தாளர் என்பதைத் தமிழில் 'சுதந்திர எழுத்தாளர்' என்கிறார்கள். எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு இல்லாதவர், எழுதியதற்கு மட்டும் காசு வாங்குபவர் என்பதுதான் அதன் பொருள். எங்கள் சேரியில் இதற்கு வேறு பெயர்: தினக்கூலி. ஆனால் தினக்கூலிக்கு ஒரு நியாயம் உண்டு. நாற்று நடப் போகிற பெண், சேற்றில் கால் வைப்பதற்கு முன்பே கூலி எவ்வளவு என்று கேட்டுவிடுகிறாள். சாயந்திரம் கரையேறும்போது காசு கைக்கு வரவேண்டும். வரவில்லை என்றால் மறுநாள் அந்த நிலத்தில் யாரும் இறங்கமாட்டார்கள். எழுதுகிறவனுக்கு இந்த இரண்டு உரிமையும் இல்லை. எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டால் மரியாதை தெரியாதவன். எப்போது தருவீர்கள் என்று கேட்டால் பணத்தாசை பிடித்தவன். அவனுக்குக் கிடைப்பதன் பெயர் 'சன்மானம்'. அது அரசன் புலவனுக்குக் கொடுத்தது; கொடுக்கிறவன் மனசு வைத்தால் உண்டு. கூலி அப்படியல்ல. உழைப்பை வாங்கிக்கொண்டவன் கொடுத்தே தீரவேண்டிய கடன் அது.

என் தாத்தா எழவுச் சேதி சொல்லப் போனவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால், பத்து மைல், இருபது மைல் தள்ளியிருக்கிற பங்காளிகளுக்கும் சம்பந்திகளுக்கும் ராத்திரியோடு ராத்திரியாக நடந்துபோய்ச் சொல்லவேண்டும். போன இடத்தில் வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்லவேண்டும். கூலி பேசுகிற வழக்கமே கிடையாது. மனசு வந்தால் அரைமரக்கால் கம்பு, இல்லாவிட்டால் "அப்பறமா வாடா". வெட்டி என்பது இதுதான். மராட்டியத்தில் மகர்கள் 'வதன்' என்ற பெயரில் இதே வேலைகளைத்தான் செய்தார்கள். அந்த முறையை மாற்ற 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். கூலி பேசப்படாத வேலை அடிமை வேலை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் போராட்டம்.

இப்போது என் கதை. 1998இல் ஒரு வார இதழிலிருந்து என்னைத் தேடினார்கள். ஒரு கிராமத்தில் நம் குடிசைகளை எரித்திருந்தார்கள். "நீங்க போனாத்தான் அவங்க பேசுவாங்க" என்றார்கள். போனேன். மூன்று நாள் அங்கேயே தங்கி எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பஸ், பிலிம் ரோல், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 410 ரூபாய் என் கைக்காசு. அரைப் பக்கம் வந்தது. என் பெயர் இல்லை, 'நமது நிருபர்' என்று போட்டிருந்தார்கள். நாலு மாதம் கழித்து 250 ரூபாய்க்குக் காசோலை வந்தது. எனக்கு வங்கிக் கணக்கு இல்லை. அப்போது கணக்குத் தொடங்க வேண்டுமானால் ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. எங்கள் தெருவில் அந்த வங்கியில் கணக்கு உள்ளவர் ஒருவரும் இல்லை. டவுனில் மளிகைக்கடைக்காரரிடம் கேட்டேன், "பாக்கலாம்" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குக் காசோலைக்கு ஆறு மாதம்தான் ஆயுள். டிரங்குப் பெட்டியிலேயே அது செத்துப்போனது.

தாத்தாவாவது அரைமரக்கால் கம்பு வாங்கினார். நான் இழவுச் சேதியைச் சேரியிலிருந்து பட்டணத்துக்குச் சொல்லிவிட்டு, கைக்காசையும் விட்டுவிட்டு வந்தேன். வெட்டி ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள் தோழர்களே. அது பேனாவைப் பிடித்துக்கொண்டும் வரும்.

எழுத்தாளன் என்றால் வறுமையில் சாகவேண்டும் என்று தமிழில் ஒரு புனிதம் கட்டி வைத்திருக்கிறார்கள். 1948இல் காசநோயில் இறந்த புதுமைப்பித்தனின் வறுமையைச் சொல்லிச் சொல்லி உருகுவார்கள். வறுமை அவர்களுக்குத் தியாகம். நமக்கு அது பரம்பரைச் சொத்து. நாம் அதை எழுத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, பிறக்கும்போதே கொடுத்துவிட்டார்கள். ஆகவே பட்டினியைப் பெருமையாகப் பேசுகிறவன் பின்னால் போகாதீர்கள்.

அண்ணாபாவ் சாத்தேயைப் பாருங்கள். 1920இல் மாங் சாதியில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை ஏறக்குறையப் பார்த்ததே இல்லை. பம்பாய்க்கு வந்து மில் தொழிலாளியானார், கம்யூனிஸ்ட் கலைக்குழுவில் பாடினார். முப்பதுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். 1959இல் வந்த 'ஃபகீரா' மாநில அரசின் பரிசு பெற்றது. அதை அம்பேத்கருக்குத்தான் சமர்ப்பித்திருந்தார். அவருடைய கதைகள் சினிமாக்கள் ஆயின. அத்தனையும் இருந்தும் காட்கோபர் சிராக்நகர் குடிசைப் பகுதியில் வாழ்ந்தவர், 1969இல் வறுமையிலேயே இறந்தார். திறமை போதாததாலா? வாசகர் இல்லாததாலா? இரண்டும் இருந்தன. எழுத்து சந்தைக்குப் போனது. காசு எழுதியவன் குடிசைக்குத் திரும்பி வரவில்லை.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்கு அம்பேத்கரைத் தலைமை தாங்க அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார், மாநாடே நின்றது. அந்த உரையைச் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். 'சாதி ஒழிப்பு' இரண்டே மாதத்தில் விற்றுத் தீர்ந்தது. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பு வருவதற்குள் தமிழிலும் வந்துவிட்டது. எப்படி மறுக்க முடிந்தது? கொள்கை உறுதி மட்டுமல்ல. அவர் வழக்கறிஞர், பேராசிரியர். அச்சகத்துக்குக் கொடுக்கக் கையில் காசு இருந்தது. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதருக்கும் சித்த மருத்துவம் என்ற தொழில் இருந்தது. 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறவனே சுதந்திர எழுத்தாளன். மாட்டேன் என்று சொல்ல வீட்டில் அரிசி இருக்கவேண்டும்.

தமிழில் தலித் எழுத்து எழுந்த காலத்தைப் பாருங்கள். பாமா பள்ளி ஆசிரியை, இமையம் பள்ளி ஆசிரியர், ராஜ் கௌதமன் கல்லூரிப் பேராசிரியர், ரவிக்குமார் வங்கி ஊழியர், சிவகாமி ஐ.ஏ.எஸ். அதிகாரி. இது குறையல்ல. அந்தச் சம்பளம் இல்லையென்றால் அந்தப் புத்தகங்கள் இல்லை. ஆனால் இன்றைக்கு அரசு வேலைகள் ஒப்பந்தக் கூலியாக மாறிக்கொண்டிருக்கின்றன. அடுத்த தலைமுறை சம்பளம் இல்லாமல் எழுதவேண்டி வரும். பத்திரிகை அலுவலகத்துக்குள் போகலாமா என்றால், அங்கே நிலைமை என்ன? 1996இல் 'பயனீர்' நாளிதழில் பி.என்.உனியால், டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதினார். 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட ஆய்வு, செய்தி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகள் 121ஐ எடுத்துப் பார்த்தது. 106இல் உயர்சாதியினர். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. எவ்வளவு கொடுக்கலாம், யார் பெயரைப் போடலாம் என்று முடிவு செய்கிற மேசை அதுதான்.

சரி, என்ன செய்வது? நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, நடவுக்குப் போகிற அம்மாவைப் போல இறங்கும் முன்பே கேளுங்கள். எத்தனை பக்கம், எவ்வளவு காசு, எத்தனை நாளில்? பயணச் செலவு கூலியில் சேராது, அது தனி. வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தைப் படியுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை மனப்பாடமாகச் சொல்கிற நம் தோழர்களுக்கு இது தெரியவில்லை. 17ஆவது பிரிவின்படி, சம்பளத்துக்கு எழுதாதவன் எழுத்துக்கு அவனே முதல் உரிமையாளன். 19ஆவது பிரிவின்படி, கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் அந்த உரிமை யாருக்கும் மாறாது. கால அளவு குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்திருந்தால் 5 வருடம்தான். 57ஆவது பிரிவு, எழுதியவன் நான்தான் என்று கோரவும், என் பெயர் கெடும்படி எழுத்தைச் சிதைத்தால் எதிர்க்கவும் உரிமை தருகிறது. கட்டுரை அனுப்பும்போதே 'ஒருமுறை அச்சிட மட்டும் அனுமதி' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நாளைக்கு அது தொகுப்பில் வந்தால், பாடப்புத்தகத்தில் வந்தால், சினிமாவாக வந்தால் உங்களைக் கேட்டாக வேண்டும்.

மூன்றாவது, நம் வீடு எரிந்தால் மட்டும் நம்மைக் கூப்பிடுகிறார்கள். இழவுச் சேதிக்கு மட்டும் தாத்தாவைக் கூப்பிட்ட மாதிரி. ஏரிப் பாசனம், ரேஷன், கால்பந்து, சினிமாப் பாட்டு, வங்கிக் கடன் எல்லாவற்றையும் எழுதுங்கள். மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், அறிக்கை எழுதுவது எதையும் கேவலமாக நினைக்காதீர்கள். எனக்குச் சோறு போட்டது பெரும்பாலும் மொழிபெயர்ப்புதான். ஒரு நோட்டுப் போட்டு, யாருக்கு என்ன எழுதினோம், எவ்வளவு வரவேண்டும், என்றைக்கு வந்தது என்று கணக்கு வையுங்கள். பால்காரர் வைக்கிற கணக்கு எழுத்தாளனுக்கு அவமானமில்லை.

கடைசியாக நம்மைப் பற்றியும் சொல்லாமல் போனால் நான் அயோக்கியன். இந்தப் பத்திரிகை எழுதுகிறவனுக்கு இதுவரை காசு கொடுத்ததில்லை. அச்சகத்துக்குக் கொடுக்கிறோம். பேப்பர் கடைக்குக் கொடுக்கிறோம். தபாலுக்குக் கொடுக்கிறோம். உண்மை அறியும் குழுவோடு போய்விட்டு வந்து ராத்திரி கண்விழித்து எழுதுகிற தம்பிக்கும் தங்கச்சிக்கும் மட்டும் "உணர்வோடு எழுது" என்கிறோம். ஆதிக்க சாதிக்காரன் வாங்கினால் வெட்டி, இயக்கம் வாங்கினால் தொண்டா? நம்மிடம் பணம் இல்லை, உண்மை. ஆனாலும் இரண்டு காரியம் செய்யலாம். சேதி சேகரிக்கப் போகிறவருக்குப் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் இதழ் கொடுக்கவேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் நாங்கள் காசு வேண்டாம் என்று சொல்லலாம். அன்றாடங்காய்ச்சிக்கு நூறு ரூபாயாவது கொடுத்தாகவேண்டும். ஆசிரியர் குழுத் தோழர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த இதழுக்குள் முடிவு சொல்லுங்கள்.

அந்தத் தம்பிக்கு என் பதில் இது. வேலையை இப்போது விடாதே. ஒரு வருடம் அந்த நோட்டை எழுது. எழுத்திலிருந்து வருகிற காசு வீட்டு அரிசிக்கும் அம்மா மருந்துக்கும் ஆகிற மாதம் தொடர்ந்து ஆறு மாதம் வந்தால், அப்போது விடு. அதுவரை காலையில் எழுது, ராத்திரி எழுது. ஆனால் யாருக்கும் வெட்டிக்கு எழுதாதே, எங்களுக்கும்தான்.

ஜெய்பீம்.