முத்துநகருக்குத் திருயாத்திரை
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டை முன்னிட்டு நம் பங்கு மக்கள் தூத்துக்குடிக்குத் திருயாத்திரை போக முடிவாகியிருக்கிறது. பேருந்தும் பேசியாகிவிட்டது. அந்த ஊரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி தந்தை அவர்கள் பணித்தார்கள். "கடற்கரையில் எத்தனை மணி நேரம் விடுவீர்கள்?" என்பதுதான் பிள்ளைகள் என்னிடம் கேட்ட முதற் கேள்வி. அதில் தவறில்லை. வயலும் வாய்க்காலுமே கண்ட நமக்குக் கடல் ஓர் அதிசயந்தான்.

ஆனால் நாம் முதலில் போகப்போவது பனிமய மாதா பேராலயத்துக்கு. உரோமையில் ஆகஸ்டு மாதக் கோடையில் பனி பெய்த இடத்தில் மாதாவுக்குக் கோவில் எழுந்தது என்ற மரபிலிருந்து வந்த பெயர் இது. பனியையே கண்டிராத, உப்பளங்கள் வெளுத்துக் கிடக்கும் ஊரில் அந்தத் தாய் குடிகொண்டிருக்கிறாள். இன்றுள்ள ஆலயம் 1713-ல் எழுந்தது. 1982-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதைப் பேராலயமாக உயர்த்தினார். ஆண்டுதோறும் ஜூலை 26-ல் கொடியேறி, ஆகஸ்டு 5-ல் திருவிழா.

இந்த விசுவாசம் அலைகளோடு வாழ்ந்தவர்களின் விசுவாசம். பரதகுல மக்கள் 1530-களில் திருமறையைத் தழுவினார்கள். 1542-ல் வந்த புனித சவேரியார், கையில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டினார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம் பண்ணிக் கற்பித்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அந்த மக்கள் முத்துக் குளித்தது எப்படித் தெரியுமா? கல்லின் பாரத்தால் கடலின் அடிக்குப் போவான் ஒருவன். மேலே தோணியில் கயிறு பிடித்து நிற்பான் இன்னொருவன். கீழே போனவன் உயிர் மேலே இருப்பவன் கையில். அதனால் கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வதுண்டு. அரசு நடத்திய முத்துக்குளிப்பு அங்கே 1961-ஓடு நின்றுவிட்டது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் உண்டு. 1806-ல் முதன்முதலாக ஓடிய மாதாவின் தங்கத்தேர், எப்போதோ சில ஆண்டுகளில் மட்டுமே வீதிக்கு வரும். அதன் வடத்தைப் பிடிக்க மதபேதமில்லாமல் மக்கள் திரள்வார்கள்.

சங்கரராமேசுவரர் கோவில் கொண்ட ஊர் அது. வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர். இன்றைய பெரிய துறைமுகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. முத்துநகர் கடற்கரை, துறைமுகத்துக்கு அருகே முயல்தீவு, எல்லாம் பார்க்க வேண்டியவையே.

இங்கே என் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் அங்கே போனபோது பிள்ளைகளுக்குப் பொறுப்பு நான். திருப்பலி முடிந்த கையோடு கடற்கரைக்கு அழைத்துப் போனேன். நான் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பையன்கள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். ஓர் அலை இருவரையும் வாரிக்கொண்டது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓடிப் பாய்ந்து இழுத்து வந்தார். "வாத்தியாரே, கடல் எங்க பேச்சையே கேக்காது. பச்சப் பிள்ளையள விட்டுட்டு என்ன செஞ்சீரு?" என்று கடிந்துகொண்டார். வெட்கத்தோடு பேருந்தில் ஏறினேன். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் உறைத்தது: அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தப் பையன்களில் ஒருவர் இப்போது தம் பிள்ளைகளோடு இங்கே அமர்ந்திருக்கிறார்.

ஆகவே மூன்று வேண்டுகோள். பெரியவர் ஒருவர் கையைப் பிடிக்காமல் எந்தப் பிள்ளையும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அன்று நான் விட்டது அந்தக் கயிற்றைத்தான். மணலில் இலையும் காகிதமும் போட்டு வராதீர்கள். நமக்கு அது வேடிக்கை பார்க்கும் இடம், அவர்களுக்கோ களத்துமேடு. மூன்றாவதாக, பேராலயத்தில் நம் தேவைகளைச் சொல்லுமுன், கடலுக்குப் போனவர்கள் கரை சேர ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள். பெயர் தெரியாத அந்தப் பெரியவருக்காக நான் முழந்தாளிடுவேன்.

கடலின் விண்மீனாகிய அன்னை நம் யாத்திரையைக் காப்பாளாக! மரியே வாழ்க!