தாயக்கட்டைக்கு உரிமையாளர் யார்?

(வெள்ளானூரில் ஆசிரியர் கூடுகையில் ஆற்றிய உரை)



போன ஆண்டு என் வகுப்புக்குப் பின்னச் சீட்டு விளையாட்டு ஒன்று செய்தேன். மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. ஆவடியில் சிறு பதிப்பகம் நடத்தும் நண்பர் பார்த்துவிட்டு, "டீச்சர், திறந்த உரிமத்தில் அச்சிடலாமா? மற்ற பள்ளிகளும் எடுத்துக்கொள்ளட்டுமே" என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது: சீட்டில் இருந்த பழப் படங்கள் எல்லாம் இணையத்தில் எடுத்தவை. என்னுடையது அல்லாததை நான் எப்படித் திறந்துவிடுவது?

வகுப்பில் கற்பிக்க, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சில சலுகைகள் தருகிறது. அச்சிட்டு விற்பதற்கு அதை நம்பி இறங்க முடியாது.

தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் யாருக்கும் தனிச்சொத்து அல்ல. விளையாடும் முறைக்குக் காப்புரிமை கிடையாது என்று நம் காப்புரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் ஒருவர் எழுதிய விதி வாசகம், வரைந்த படம், வைத்த பெயர் ஆகியவை வேறு கணக்கு. கொல்கத்தாச் சகோதரர்கள் இருவர் 'ஸ்க்ராபுலஸ்' என்ற இணையச் சொல் விளையாட்டை நடத்தினார்கள். ஸ்க்ராபிள் உரிமையாளரான மேட்டல் நிறுவனம் வழக்குப் போட்டது. 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம் தந்த இடைக்கால உத்தரவில், பலகைக்குப் பதிப்புரிமை உண்டு என்ற வாதம் எடுபடவில்லை. பெயருக்குத்தான் தடை விழுந்தது. ஆட்டம் தப்பியது, பெயர் மாட்டியது!

உரிமத்தையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் திறந்த உரிமம் 2000 முதல் இருந்தது. 2023 ஜனவரியில் அதை மாற்றப்போவதாகச் செய்தி கசிந்ததும், அதை நம்பித் தொழில் செய்த சிறு பதிப்பாளர்கள் ஆடிப்போனார்கள். எதிர்ப்பு வலுத்தது, நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித் தொகுப்பைத் திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அந்த உரிமங்களிலும் 'வணிக நோக்கற்றது' என்ற வகை உண்டு. அப்படிப்பட்ட ஒரு படம் சேர்ந்தால், நண்பர் பெட்டியை விற்க முடியாது.

இன்னொன்று, நாம் மறப்பது. பணியின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமை வேலை கொடுத்தவருக்கே என்கிறது 17ஆம் பிரிவு. ஆகவே தலைமையாசிரியருக்கு முதலில் கடிதம் எழுதினேன்.

பழங்களை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் புதிதாக வரைந்தார்கள். அவற்றின் உரிமை அவர்களுடையது. பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம். கையெழுத்துப் போடும்போது ஓர் அப்பா, "பெட்டியில எம் பொண்ணு பேரு வருமா டீச்சர்?" என்று கேட்டார். வரும் என்றேன். நாங்கள் தேர்ந்த உரிமத்தின் ஒரே நிபந்தனை அதுதான்.