கைக்குள் ஒரு சதுரங்க ஆசான்



சதுரங்கம் ஆடுவதற்கு இருவர் வேண்டும் என்பது தொன்றுதொட்டு வந்த வழக்கு. எதிரில் அமர ஆள் இல்லையேல் பலகையை எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். இன்று அந்நிலை மாறிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் விளையாட்டுக் கருவி ஒன்று எதிராளியாக வந்து நிற்கிறது. விதிகளைச் சொல்லித் தருகிறது. தோற்றவரை மீண்டும் ஆட அழைக்கிறது. நள்ளிரவானாலும் அது கொட்டாவி விடுவதில்லை. ஒரே பிழையை நூறு முறை செய்தாலும் முகம் சுளிப்பதில்லை. இத்தகைய கருவியிடம் ஒருவர் சதுரங்கம் கற்க முடியுமா? முடியுமெனில், எம்முறையில் கற்க வேண்டும்? இவ்விரு வினாக்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பொறியைச் சதுரங்கம் ஆடச் செய்வது எவ்வாறு என்பதை 1950ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன் ஒரு கட்டுரையில் விளக்கினார். அக்காலத்துக் கணிப்பொறி ஓர் அறையை நிறைக்கும் அளவு பெரியது. 1970களின் பிற்பகுதியில் வீட்டு மேசைமேல் வைத்து ஆடத்தக்க சதுரங்கப் பொறிகள் கடைகளுக்கு வந்தன. 1982இல் இங்கிலாந்தில் டேவிட் ஹார்ன் என்பவர் வெறும் 672 பைட்டு நினைவிடத்துக்குள் ஒரு சதுரங்க நிரலை அடக்கிக் காட்டினார். அதற்குக் கோட்டை கட்டத் தெரியாது. எனினும் ஆடத் தெரிந்தது. 1989இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கைக்கருவியை வெளியிட்டபின், சட்டைப்பையிலேயே சதுரங்கத்தைக் கொண்டு செல்லும் காலம் பிறந்தது. 2007இல் 'செஸ்மாஸ்டர்' என்னும் புகழ்பெற்ற நிரல், ஆட்டத்தோடு பயிற்சியையும் சேர்த்துக் கைக்கருவிகளுக்கென்றே ஒரு பதிப்பாக வந்தது.

இப்பொறி எவ்வாறு சிந்திக்கிறது? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்கு எட்டுக் காலாள்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ நகரலாம். ஆக 16 வழிகள். குதிரை இரண்டுக்கும் இவ்விரண்டு வழிகள், ஆக 4. மொத்தம் 20. கறுப்புக்கும் அதேபோல் 20. ஆளுக்கு ஒரு நகர்வு முடிந்தவுடனே 400 ஆட்டவழிகள் பிறந்துவிடுகின்றன. வெள்ளை தன் இரண்டாம் நகர்வைச் செய்து முடிக்கும்போது அவை 8,902 ஆகின்றன. பொறி இக்கிளைகளில் தன்னால் இயன்ற ஆழம்வரை இறங்கிச் செல்கிறது. காலாளுக்கு ஒன்று, குதிரைக்கும் மந்திரிக்கும் மூன்று, யானைக்கு ஐந்து, அரசிக்கு ஒன்பது என்பது போன்ற மதிப்புகளைக் கூட்டிக் கழிக்கிறது. எதிராளி தனக்கு மிகவும் தீங்கான நகர்வையே ஆடுவார் என்று எண்ணிக்கொண்டு, அந்நிலையிலும் தனக்கு நன்மை தரும் வழியைத் தேர்கிறது. 1997 மே மாதத்தில் நியூயார்க் நகரில் உலக வாகையர் காரி காஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்ற 'டீப் புளூ' என்னும் பொறி, நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய வல்லதாக இருந்தது. அதற்குப் பின் வந்த பொறிகள் மேலும் நுட்பமான வழிகளைக் கைக்கொண்டு மேலும் வலிமை பெற்றுள்ளன. இன்று எந்த மனிதரும் ஆற்றலில் அவற்றுக்கு நிகராக நிற்க இயலாது.

இனி, இக்கருவியால் கற்பவருக்கு விளையும் நன்மையைக் காண்போம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்த் திண்ணையில் பெரியவர்கள் ஆடிய ஆட்டம் நாட்டு முறை ஆட்டம். காலாள் எப்போதும் ஒரு கட்டமே நகரும். கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்கு மாற்றாக அரசன் ஒரே ஒரு முறை குதிரைபோல் தாவலாம். நானும் அம்முறையையே பழகியிருந்தேன். பணி ஓய்வு பெற்ற பின், என் பேரனுடைய கைக்கருவியில்தான் உலக முறை விதிகளை முழுமையாகக் கற்றேன். குறிப்பாக, இரண்டு கட்டம் பாய்ந்து தன்னைக் கடந்து செல்லும் காலாளை, அது ஒரு கட்டமே நகர்ந்ததாகக் கொண்டு, பக்கத்துக் காலாள் உடனே வெட்டலாம் என்னும் விதியை மூன்று நூல்களில் படித்தும் ஐயம் தீரவில்லை. கருவி அதை ஒரு முறை செய்து காட்டிய உடனே தெளிந்துவிட்டது. செய்து கற்றலே சிறந்த கற்றல் என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அக்கொள்கைக்கு இக்கருவி நல்லதோர் எடுத்துக்காட்டு. விதிக்கு மாறான நகர்வை அது ஏற்பதேயில்லை. ஆதலால் தவறான பழக்கம் தொடக்கத்திலேயே வேரூன்றுவதில்லை.

இதனினும் பெரிய நன்மை ஒன்று உண்டு. வேடசந்தூருக்கும் நத்தத்துக்கும் அப்பால், புஞ்சைக் காட்டு நடுவே ஒரு சிற்றூரில் வாழும் பிள்ளைக்குச் சதுரங்கப் பயிற்சியாளர் எளிதில் கிட்டுவாரா? கட்டணம் கொடுக்கவும், வாரந்தோறும் பேருந்து ஏறித் திண்டுக்கல்லுக்கு வந்து செல்லவும் எத்தனை குடும்பங்களால் இயலும்? இப்போதோ தனி விளையாட்டுக் கருவிகூட வேண்டியதில்லை. வீட்டிலுள்ள சாதாரணக் கைப்பேசியே போதும். 2008இல் தோன்றிய 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் நிரல், உலகின் தலைசிறந்த சதுரங்க நிரல்களுள் ஒன்று. அது எவருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் கூலி வேலை செய்வோர் பிள்ளைக்கும் ஒரே எதிராளி வாய்க்கிறார் என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் கருவியில் இரண்டு பொத்தான்கள் உள்ளன. ஒன்று, ஆடிய நகர்வைத் திரும்பப் பெறும் பொத்தான். மற்றொன்று, அடுத்து எதை ஆடலாம் என்று குறிப்புத் தரும் பொத்தான். இவ்விரண்டும் கற்பவருக்குத் துணையாகவே அமைக்கப்பட்டவை. ஆனால் அளவு மீறினால் இவையே கல்விக்குப் பகையாகின்றன.

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். கைக்கருவியில் உயர்ந்த நிலை ஒன்றில் வைத்துப் பொறியை வென்று என்னிடம் காட்டுவான். அவன் ஆடும் முறையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். காய் ஒன்று வெட்டுப்படும் போதெல்லாம் நகர்வைத் திரும்பப் பெறுவான். வழி தெரியாதபோது குறிப்பைக் கேட்பான். பின்னர்ப் பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டி ஒன்றுக்குச் சென்றான். மூன்று ஆட்டங்களிலும் விரைவில் தோற்றுத் திரும்பினான். "எனக்கு மூளை இல்லை ஐயா; இனி நான் ஆட மாட்டேன்" என்று சொன்னான். அச்சொல் என்னை மிகவும் வருத்தியது. அவனுக்கு மூளை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு அவன் வேலை கொடுக்கவே இல்லை. தான் எண்ண வேண்டிய நேரத்திலெல்லாம் பொறியை எண்ணச் செய்து, அதன் வெற்றியைத் தன் வெற்றி என நம்பியிருந்தான். நம்பிக்கை உடைந்தபோது, குறை தன் அறிவில் இருப்பதாக எண்ணிக்கொண்டான். ஒரு பிள்ளை தன்னையே மதிப்பற்றவனாகக் கருதுவதைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒரு பள்ளிக்கு வேறில்லை.

அவனை மரப்பலகையின் முன் அமர்த்தினேன். பத்தாம் நகர்வில் அரசியை இழந்தான். அவனுடைய வலக்கை தன்னையறியாமல் பலகையின் ஓரத்தைத் தடவிற்று; அங்கே பொத்தான் இல்லை! இருவரும் சிரித்துவிட்டோம். அன்றுமுதல் ஒரு குறிப்பேட்டில் ஒவ்வோர் ஆட்டத்தையும் எழுதி, தோல்விக்குக் காரணமான நகர்வு எது என்பதைத் தானே முதலில் கண்டுபிடிக்கச் செய்தேன். அதன் பின்னரே கருவியிடம் கேட்கலாம் என்பது எங்கள் ஏற்பாடு. சில திங்கள் கழிந்தன. பொறியிடம் முன்னைவிட மிகுதியாகத் தோற்றான்; ஆனால் ஏன் தோற்றான் என்பதை அவனால் சொல்ல முடிந்தது. அடுத்த ஆண்டுப் போட்டியில் பரிசு பெறவில்லை. பாதி ஆட்டங்களை வென்று மகிழ்ச்சியோடு திரும்பினான்.

நம் திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019இல் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாவியை வாங்கிய எவரும் பூட்டைத் திறக்கலாம். ஆனால் உள்ளே அடுக்கியிருக்கும் தகடுகளைச் சாவியின் எந்தப் பல் எவ்வளவு உயர்த்துகிறது என்பதை அறிந்தவரே பூட்டுத் தொழிலாளி. சாவி தொலைந்தால் மற்றவர்கள் வாசலில் நிற்பார்கள். தொழிலாளி புதுச் சாவி செய்வார். குறிப்புப் பொத்தான் தருவது சாவி. சிந்தனை தருவது தொழில்.

நம் தமிழ்நாட்டு வீரர்களின் வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோன், பொறியின் துணை இல்லாத காலத்தில் உயர்ந்தவர். விசுவநாதன் ஆனந்த் ஆறு வயதில் தம் தாயாரிடம் சதுரங்கம் கற்றார். தந்தையாரின் பணி காரணமாக அக்குடும்பம் பிலிப்பைன்சு நாட்டு மணிலாவில் வாழ்ந்தபோது, அங்குத் தொலைக்காட்சியில் பகலில் சதுரங்கப் புதிர்கள் ஒளிபரப்பாகும். மகன் பள்ளியில் இருக்கும் நேரம் அது. தாயார் அவற்றைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை காண்பார்கள். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன அவர், பின்னர்க் கணிப்பொறியை நன்கு பயன்படுத்திய தலைமுறையின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். ஐந்து முறை உலக வாகையர் ஆனார். முதலில் குறிப்பேடு, பின்னர்ப் பொறி என்ற வரிசையைக் கவனியுங்கள்.

குகேஷின் காலத்தில் வலிமை மிக்க பொறிகள் எங்கும் நிறைந்திருந்தன. எனினும் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும் காலம்வரை பொறியின் கணக்கை நாடாமல் சொந்தமாகக் கணித்துப் பழகும் முறையையே மேற்கொண்டார். 2024 டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில், சீனத்து டிங் லிரனை 7½–6½ என்ற கணக்கில் வென்று, 18ஆம் வயதில் உலக வாகையர் ஆனார் குகேஷ். பதினான்காவது ஆட்டத்தின் முடிவில் யானைகளும் மந்திரிகளும் பலகையை விட்டு நீங்க, அரசர்களும் காலாள்களுமே எஞ்சினர். குகேஷுக்கு ஒரு காலாள் மிகுதி. எதிராளி பிழை செய்த அந்த நொடியில், காய்களை மாற்றிக்கொண்டால் காலாள் ஆட்டம் வெற்றியாகும் என்பதைக் கண்டவர் அவரே. அந்த மேசையில் குறிப்புப் பொத்தான் இல்லை.

மாணவர்களே, கருவியிடம் கற்க விரும்புவோர்க்குச் சில வழிகளைச் சொல்கிறேன். முதலாவதாக, முழு ஆட்டத்தில் இறங்குமுன் காய்கள் குறைந்த இறுதி நிலைகளைப் பழகுங்கள். அரசனும் இரண்டு யானைகளும் கொண்டு தனி அரசனை மடக்குதல், பின்னர் அரசியால் மடக்குதல், பின்னர் ஒற்றைக் காலாளை எட்டாம் வரிசைக்குக் கொண்டுசேர்த்தல் என்ற வரிசையில் செல்லுங்கள். இரண்டாவதாக, நீங்கள் மூன்று ஆட்டத்தில் ஒன்றையேனும் வெல்லத்தக்க நிலையில் பொறியை அமையுங்கள். எப்போதும் வெல்வதும் எப்போதும் தோற்பதும் கல்வியாகா. மூன்றாவதாக, 'தொட்ட காயை ஆடியே தீர வேண்டும்' என்னும் போட்டி விதியைக் கருவியிடமும் கடைப்பிடியுங்கள். நான்காவதாக, ஆட்டம் முடிந்தபின் உங்கள் கருத்தை எழுதிவிட்டுப் பிறகு பொறியின் கருத்தைக் கேளுங்கள். இரண்டும் வேறுபடும் இடமே உங்களுக்கான பாடம். ஐந்தாவதாக, வாரம் ஒரு முறையேனும் மனிதரோடு, மரப்பலகையில் ஆடுங்கள். எதிரில் இருப்பவரின் தயக்கம், துணிவு, களைப்பு ஆகியவற்றை உணர்ந்து ஆடவும், தோற்றபின் கைகுலுக்கவும் பொறி கற்றுத் தராது.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். மற்றொருவரோடு ஆடும்போது மறைவாகப் பொறியின் துணையை நாடாதீர்கள். போட்டி அரங்குக்குள் கைப்பேசியைக் கொண்டு செல்லக் கூடாது என்று பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு விதி செய்திருக்கிறது. விதி இருப்பினும் இல்லாவிடினும், அது எதிராளியின் உழைப்பைக் களவாடும் செயல்.

சதுரங்கத்துக்குச் சொன்ன இது வீட்டுப்பாடத்துக்கும் பொருந்தும். கணக்குக்கும் கட்டுரைக்கும் நொடியில் விடை தரும் பொறிகள் இன்று உங்கள் கைகளில் உள்ளன. அவற்றை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் நீங்கள் எண்ணுங்கள், எண்ணியதை எழுதுங்கள், பிறகு பொறியிடம் காட்டுங்கள். அவ்வாறு செய்தால் அது உங்களுக்கு நல்லாசிரியராக விளங்கும். இன்று மாலை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அடுத்து ஆடும் ஆட்டத்தின் முதல் நகர்வை அதில் எழுதித் தொடங்குங்கள்.