மூத்தோர் நீச்சற் போட்டியும் நம் மக்களும்

(இராசிங்காபுரத்தில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

    

முன்னர்ப் பேசிய நண்பர்கள் தேர்வுகளைப் பற்றியும் அரசுப் பணிகளைப் பற்றியும் விரிவாக உரைத்தனர். இளைஞர்கள் எமக்குக் கொடுத்த தலைப்போ சற்றுப் புதுமையானது. உலக அளவில் நடைபெறும் மூத்தோர் நீச்சற் போட்டிக்கு நம் ஊரார் ஆயத்தமாக இயலுமா என்பதே அது. அழைப்பிதழில் இதனைக் கண்ட பெரியவர் ஒருவர், "கல்விக் கழக மேடையில் நீச்சலுக்கு என்ன வேலை, வாத்தியாரையா?" என்று கேட்டார். வேலை நிரம்ப உண்டு என்பது எம் கருத்து.

மூத்தோர் என்றவுடன் நரைத்த தலைகளை மட்டும் நினைக்க வேண்டா. 'மாஸ்டர்ஸ்' எனப்படும் இப்பிரிவின் வாயில் இருபத்தைந்தாம் வயதிலேயே திறக்கிறது. 25 முதல் 29 வரை, 30 முதல் 34 வரை என்று ஐந்தைந்து ஆண்டுகளாக வகுத்து, நூறு வயதைத் தாண்டியோர்க்கும் இடம் வைத்திருக்கிறார்கள். போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளில் எத்தனை வயதோ அதுவே கணக்கு. முதல் உலகப் போட்டி 1986இல் டோக்கியோ நகரில் நடைபெற்றது. அண்மையில் 2024இல் தோகாவிலும் 2025இல் சிங்கப்பூரிலும் நடைபெற்றது. நால்வர் நீந்தும் தொடர் நீச்சலில் நால்வரின் வயதையும் கூட்டியே பிரிவு வகுக்கின்றனர். ஆணும் பெண்ணும் கலந்த அணியும் உண்டாதலால் தந்தையும் மகளும் ஒரே அணியில் நீந்தலாம். ஆனால் ஒவ்வொரு பந்தயத்திற்கும் வயதுக்கேற்ற தகுதி நேரம் குறித்திருக்கிறார்கள். நீந்தத் தெரியும் என்பது மட்டும் போதாது.

சிறுவயதில் எந்தக் குளத்தில், யாரிடம் பயின்றாய் என்று இப்போட்டி கேட்பதில்லை. சிறுவயதில் பயில விடப்படாத மக்களுக்கு இதன் பொருள் என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்.

நீச்சலுக்கு முதற்கண் நீர் வேண்டும். அந்த நீர்தான் நமக்கு மறுக்கப்பட்டது. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் குளமும் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்தினார். கை நிறைய நீர் அள்ளியதற்காக அன்று அவருடன் வந்த மக்கள் தாக்கப்பட்டனர். அக்குளத்தின் உரிமை பம்பாய் உயர்நீதிமன்றத்தில் உறுதியாக 1937 வரை காத்திருக்க நேர்ந்தது. குடிப்பதற்கே இவ்வளவு என்றால் குதித்து விளையாடுவதற்கு?

நம் பக்கத்துத் தோட்டங்களில் வாழைத்தண்டைப் பிடித்தும் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டியும் பிள்ளைகள் நீச்சல் பழகியதை எல்லோரும் இனிமையாகப் பேசுவர். எம் இளமையில் அந்தக் கிணற்றடியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கவில்லை. கல்லெறிந்து விரட்டியவர்கள் இருந்தனர். நம் பிள்ளைகள் இறங்கிய நீரைத் தீட்டென்று இறைத்து ஊற்றியவர்களும் இருந்தனர். யாருமில்லாத நண்பகலில் திருட்டுத்தனமாகக் குதித்துப் பழகியவர்களே நம்முள் நீந்தத் தெரிந்தவர்கள். பெண்களுக்கு அதுவும் இல்லை. 'அந்தச் சனத்துக்குத் தண்ணீர் என்றால் பயம்' என்று பிறகு சொல்வார்கள். விரட்டியவர்களே அப்படிச் சொன்னதுதான் விந்தை!

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் செயின்ட் அகஸ்டின் நகரில், 1964 ஜூன் 18 அன்று, கறுப்பின மக்களும் அவர்தம் வெள்ளை நண்பர்களும் ஒரு விடுதியின் நீச்சற் குளத்தில் குதித்தனர். விடுதிக்காரர் அக்குளத்தில் அமிலத்தை ஊற்றினார். கறுப்பர் உடல் நீரில் மிதக்காது என்று கதை கட்டியவர்களும் அந்நாட்டில் உண்டு. அக்கதைக்கு 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் விடை கிடைத்தது. ஒரே ஒரு ஐம்பது மீட்டர்க் குளம் கொண்ட சுரினாம் என்னும் சிறு நாட்டிலிருந்து புறப்பட்டு, பின் அமெரிக்கா சென்று பயின்ற அந்தோணி நெஸ்டி என்னும் கறுப்பின இளைஞர், நூறு மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு முந்தித் தங்கம் வென்றார்.

அவர் இளைஞர், வயது கடந்தவர்கள் என்ன செய்வது என்பீர்கள். வல்வெட்டித்துறைத் தமிழர் குமார் ஆனந்தன் பாக் நீரிணையை இருவழியும் நீந்தியது 1971இல். அப்போது அவர் இருபத்தைந்தைத் தாண்டியவர். 1965 போரில் குண்டடிபட்ட மராட்டியப் படைவீரர் முரளிகாந்த் பேட்கர், சிகிச்சைக்காக நீரில் இறங்கி, 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஜப்பானில் மியேகோ நாகவோகா என்னும் மூதாட்டியார், முழங்கால் வலிக்காக எண்பது வயதில் நீச்சல் கற்கத் தொடங்கினார். 2015இல், தம் நூறாவது வயதில், 1500 மீட்டரை மல்லாந்தே நீந்தி ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்தார்.

முழங்கால் என்றதும் நம் தாய்மார்கள் தலை நிமிர்வதைக் காண்கிறோம். ஏலக்காய் செடியின் தூரில் காய்ப்பது. குத்துக்காலிட்டு நகர்ந்து நகர்ந்து காய் எடுப்பவர்க்கு நாற்பது வயதில் முழங்காலும் இடுப்பும் என்ன பாடுபடும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. நீரில் உடலின் பாரம் மூட்டுகளின்மேல் இறங்குவதில்லை. பதக்கம் ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பயனுக்காகவே அவர்கள் நீரில் இறங்கலாம்.

இனி ஆயத்த முறைக்கு வருவோம். முதலில் மருத்துவரிடம் இரத்த அழுத்தமும் இதயமும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு நம் கிணற்று நீச்சலை ஓரளவு மறக்க வேண்டும். தலையைத் தூக்கிக்கொண்டு கையால் நீரை அடிப்பது அது. தலை மேலே போனால் கால் கீழே போகும். பாதி வலிமை நீரைத் தள்ளுவதிலேயே வீணாகும். முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சை நீரிலேயே விட்டு, பக்கவாட்டில் திரும்பி வாங்கிப் பழக வேண்டும். இந்த மூச்சுப் பாடமே பாதிக் கல்வி. வீட்டில் அகன்ற பாத்திரத்து நீரிலும் இதைப் பழகலாம். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அதன்பின் தூரம். எடுத்த எடுப்பில் நூறு மீட்டர் நீந்தி மூச்சிரைக்கக் கரையேறுவதால் பயனில்லை. இருபத்தைந்து மீட்டர் நீந்துக, அரை நிமிடம் நிற்க, மீண்டும் நீந்துக, இவ்வாறு எட்டு முறை. ஒரே அளவு நேரத்தில் எட்டையும் முடிக்க இயன்ற பிறகே தூரத்தைக் கூட்டலாம். போட்டிக்கு முந்தைய இரு வாரங்களில் தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தர வேண்டும். விதிகளும் மூத்தோர்க்கு இரக்கம் காட்டுகின்றன. மேடையிலிருந்து பாய அஞ்சுவோர் நீரில் நின்று சுவரை உதைத்துப் புறப்படலாம். வண்ணத்துப்பூச்சி நீச்சலில் தவளைக் கால் அடிக்கவும் மூத்தோர்க்கு அனுமதி உண்டு. பெண்கள் தோள் முதல் முழங்கால் வரை மறைக்கும் உடையுடனேயே போட்டியில் நீந்தலாம். ஆதலால் உடையைக் காரணம் காட்டி மகளிரைத் தடுப்பதை ஆடவர் நிறுத்த வேண்டும்.

தடை எங்கே இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டா. விடியுமுன் ஜீப்பில் மேட்டுக்கு ஏறி, இருட்டியபின் இறங்குகிறவர்க்கு ஞாயிறு ஒன்றே கையில் இருப்பது. வாரத்தில் ஒரு நாள் நீந்தி எவரும் உலகப் போட்டிக்குச் சென்றதில்லை. மூன்று நாளாவது வேண்டும். ஆகவே காய் எடுப்புக் குறையும் கோடை மாதங்களை நீருக்கென ஒதுக்க வேண்டும். மற்ற மாதங்களில் பழைய சைக்கிள் டியூபைச் சன்னற் கம்பியில் கட்டி, குனிந்து நின்று, நீரை இழுப்பதுபோல் இழுத்துப் பழகலாம். தோளுக்கு அது போதிய பயிற்சி.

கண்மாயிலும் பாழ்ங்கிணற்றிலும் தனியே பழகுவதை மட்டும் வன்மையாகக் கண்டிக்கிறோம். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. தேனியில் அரசு விளையாட்டரங்கக் குளம் இருக்கிறது. 2019 மார்ச்சில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை பத்தரை மணி நேரத்தில் நீந்திய பத்து வயதுச் சிறுவன் தேனி மண்ணின் பிள்ளைதான். கட்டணம் செலுத்தி உள்ளே செல்ல எவரிடமும் தயங்கி நிற்க வேண்டா. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், நீராடுதுறை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதியின் பெயரால் தடை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்; பெரியவர்கள் அதில் இறங்கி நனைய வேண்டும்.

செலவு பெரிது. இப்போட்டிகளுக்குச் செல்வோர் பெரும்பாலும் தம் கைப்பொருளிலேயே செல்கின்றனர். ஆகவே முதலில் மாவட்டத்திலும் மாநிலத்திலும் நடைபெறுபவை, பிறகு தேசிய மூத்தோர் போட்டி, அங்கே நேரம் தேறினால் மட்டுமே வெளிநாடு என்று படிப்படியாகச் செல்வதே அறிவுடைமை. கழகத்தார் ஆண்டுதோறும் குளக் கட்டணத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் ஏற்றால் போதும். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. வயது வாரிப் போட்டியாதலால் பிறந்த தேதி முக்கியம். கடவுச்சீட்டில் உள்ளதே செல்லும். நம் பெரியவர்கள் பலர்க்குப் பள்ளியில் சேர்த்த ஆசிரியரே ஒரு தேதியைப் பொருத்தி எழுதிவிட்டார்; பாதி ஊர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்ததன் இரகசியம் அதுவே. எதுவாயினும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள தேதியும் மற்ற ஆவணங்களில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் மாற்றுச் சான்றிதழுடன் திங்கள் முதல் மாலை ஐந்து மணிக்கு மேல் பள்ளிக்கு வரலாம். பதிவேட்டை எடுத்து வைத்திருப்போம். மலையிலிருந்து இறங்க நேரமாகிறவர்களுக்காக ஏழு மணி வரையிலும் அங்கேயே இருப்போம்.