உதவித்தொகை நின்றது, ஆராய்ச்சி நிற்க வேண்டாம்!

(ஜெயங்கொண்டம் கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

 

நமது சமுதாயத்தின் கல்வி நிலையை 2006இல் சச்சார் குழு நாட்டின் முன் வைத்தது. 2009இல் மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை வந்தது. சிறுபான்மை மாணவர்கள் பி.எச்டி. செய்ய மாதந்தோறும் பணம் தந்த திட்டம் அது. 2014-15 முதல் 2021-22 வரை 6,722 பேர் தேர்வானார்கள், ரூ.738.85 கோடி வழங்கப்பட்டது. 2022-23 முதல் அது நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. மற்ற திட்டங்களிலேயே பயன் பெறலாம் என்பது அரசு சொன்ன காரணம்.

மீண்டும் கொண்டு வாருங்கள் என்று கேட்பது நம் உரிமை. கேட்போம்! ஆனால் இந்த ஆண்டு எம்.எஸ்ஸி. முடிக்கும் பிள்ளை அதுவரை கடையில் உட்கார்ந்திருக்க முடியுமா? திறந்திருக்கும் வாசல்களைப் பாருங்கள்.

முதல் வாசல், சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. எம்.எஸ்ஸி. இறுதியாண்டிலேயே எழுதலாம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000. விடுதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப் படியும் உண்டு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் மட்டுமல்ல, புவி அறிவியலுக்கும் இத்தேர்வு உண்டு. அரியலூர் வட்டாரத்தின் புதைபடிவங்களை 1860களிலேயே ஸ்டோலிச்கா என்ற ஐரோப்பியர் ஆராய்ந்து எழுதினார். நம் காலடி மண்ணை நம் பிள்ளைகள் ஆராயக் கூடாதா?

இரண்டாவது, நெட் தேர்வின் வழியே வரும் ஓ.பி.சி. தேசிய உதவித்தொகை. ஆண்டுக்கு 1,000 இடங்கள். தமிழகத்தின் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறோம். ஆனால் பிள்ளைகள் கையில் இருப்பதோ மாநில அரசின் பி.சி. முஸ்லிம் சான்றிதழ். அது இங்கே போதாது! மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். ஆண்டு வருமானம் ரூ.8 லட்சம் என்ற கிரீமிலேயர் வரம்பு அதற்கு உண்டு. வியாபாரிகளே, கடைக் கணக்கை ஒழுங்காக வையுங்கள். சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடாதீர்கள்.

மூன்றாவது, எம்.எஸ்ஸி.யில் பல்கலைக்கழக முதலிடம் பெற்றவருக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை. மாநில அரசும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வு நடத்தியிருக்கிறது. எதுவும் கிடைக்காவிட்டால், பேராசிரியர்களின் ஆய்வுத் திட்டங்களில் சம்பளத்துக்குச் சேரலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: திட்டம் முடிந்தால் பணமும் முடிந்துவிடும். சேரும் முன்பே எத்தனை ஆண்டுத் திட்டம் என்று கேளுங்கள்.

பெரியோர்களே! தேர்வானாலும் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் ஏழை வீட்டுப் பிள்ளை ஆய்வை விட்டுவிட்டு வளைகுடா விமானம் ஏறுகிறான். அந்தச் சில மாதங்களுக்கு ஜமாஅத் அழகிய கடன் கொடுக்கட்டும். உதவித்தொகை வந்ததும் அவன் திருப்பித் தரட்டும். அதே பணம் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். பத்து கடைக்காரர்கள் சேர்ந்தால் இது முடியாத காரியமா? இன்றே ஆரம்பியுங்கள்!