நிலமும் பொழுதும்: நேரிற் கண்டு தீட்டும் ஓவியம்



நமது பாடசாலைகளில் பிள்ளைகளிடம் 'ஊர்க்காட்சி' ஒன்று வரையுங்கள் என்று சொன்னால் என்ன கிடைக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்ததே. முக்கோணமாய் இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் தென்னை. கடுகண்ணாவை ஏற்றத்திலிருந்து தெரியும் பத்தலேகல, வெள்ளைக்காரர் 'பைபிள் பாறை' என்றழைத்த மலை, உச்சி தட்டையானது. அதை நாள்தோறும் காணும் பிள்ளையும் முக்கோணத்தையே வரைகிறது. கை பார்த்து வரைவது நாட்காட்டியை, மலையை அல்ல.

தொல்காப்பியர் முதற்பொருள் என்று சொன்னவை இரண்டு: நிலமும் பொழுதும். விலங்கும் பறவையும் மரமும் தொழிலும் அவற்றின்பின் வரும் கருப்பொருள்கள். வெளியிலே நின்று தைலவண்ணத்தில் சிறுபடம் தீட்டுகிற ஓவியனும் இந்த வரிசையிலேயே நடக்கிறான் என்பது என் எண்ணம். (குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம். நள்ளிரவில் அவன் என்ன செய்வான் என்று கேட்டுவிடாதீர்கள்.)

ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்ரபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் ஹம்ஸ்ரெட் மேட்டில் நின்று மேகங்களைத் தைலவண்ணத்தில் தீட்டினார். பல படங்களின் பின்புறத்தில் திகதி, நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். அது பொழுதை எழுதி வைத்தது அல்லாமல் வேறென்ன? அக்காலத்தில் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையிற் கட்டித்தான் வெளியே எடுத்துச் செல்வார்கள். 1841இல் ஜோன் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கும் தகர ரியூபைக் கண்டுபிடித்த பின்னரே வண்ணப்பெட்டி தோளில் ஏறியது.

அந்தப் பெட்டியோடு நம் நாட்டுக்கும் ஒருவர் வந்தார். மரியான் நோர்த் என்ற ஆங்கிலப் பெண்மணி 1876ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் இறங்கி, கண்டி, பேராதனை என்று சுற்றிக் கடதாசியில் தைலவண்ணங்கொண்டு செடிகளையும் காட்சிகளையும் தீட்டினார். களுத்துறையில் ஜூலியா மார்கிரட் கமரன் அம்மையார் எடுத்த புகைப்படமொன்றில் இவர் தூரிகையும் கையுமாக இருக்கிறார். லண்டன் கியூ பூங்காவில் 1882இல் திறக்கப்பட்ட மண்டபத்தில் இவருடைய எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் இடைவெளியின்றித் தொங்குகின்றன. அவர் வந்தபோது இம்மலைகளின் முதற்பயிர் கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் அதை அரித்துக்கொண்டிருந்தது. கோப்பிக்காகக் காடழித்த கைகள் நம் மூதாதையரின் கைகள். நோர்த் அம்மையாரின் படங்களிலோ செடி பெரிது, மனிதர் சிறியர். அவரைக் குறை சொல்லி ஆவதென்ன? அவர் பார்க்க வந்தது செடியை. நம்மைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

பார்ப்பதென்றால் லேசான காரியமன்று. பச்சை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். தை, மாசியில் கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களைப் பாருங்கள்: இலை முழுதும் உதிர்ந்து, புதுத்துளிர் செம்பு நிறத்தில் வருகிறது. கடையில் விற்கும் பச்சை ரியூபை அப்படியே பிதுக்கினால் தேயிலை மலை பிளாஸ்ரிக் ஆகிவிடும். நீலமும் மஞ்சளும் கலந்து, துளி சிவப்பும் சேர்த்தால்தான் அது மண்ணில் வேரூன்றும். யானையும் அப்படித்தான். 1975இல் தொடங்கிய பின்னவலை யானைகள் சரணாலயத்திலிருந்து மகா ஓயாவுக்கு இறங்கி வரும்போது அதன் முதுகு செம்மண் பூசியிருக்கும். நீரிலிருந்து ஏறும்போது நனைந்த பாகம் கரும்பாறை, காய்ந்த பாகம் சாம்பல். சுவீடன் நாட்டு ஓவியர் புரூனோ லில்யெபோர்ஸ் விலங்குகளை வீட்டருகே வளர்த்துப் பார்த்துத் தீட்டினார். நமக்கு ஆற்றங்கரையிலேயே யானைகள் நிற்கின்றன.

இது வெறும் அழகுணர்ச்சி பற்றிய பேச்சன்று. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி அரநாயக்காவில் சாமசர மலை சரிந்தது. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்கள் மண்ணுள் புதைந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போயினர். நமக்கு மிக அருகிலுள்ள மலை. அதன் சரிவில் முந்திய நாள் வெயில் எப்படி விழுந்தது, எந்த வீட்டின் பின்னால் எந்தப் பலாமரம் நின்றது என்பதைக் காட்ட ஒரு சிறுபடம் இருந்திருந்தால், அது தப்பியவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்! புகைப்படம் போதாதா என்பீர்கள். புகைப்படக்கருவி ஒரு கணம் பார்க்கிறது. ஓவியன் ஒரு மணிநேரம் அங்கே நிற்கிறான். வழியே போகிறவர் நின்று, அந்த மரம் யாருடையது என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதுவும் படத்துக்குள் வந்துவிடுகிறது.

தைலவண்ணம் விலை கூடிய பொருள். தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாது என்பது மெய்தான். பென்சிலும் அப்பியாசக் கொப்பியின் மட்டையும் போதும், தொடங்குவதற்கு. அஞ்சலட்டை அளவு போதும். லயத்து வாசலில் இருந்தே வரையட்டும்: கூரைத் தகரம், கொடியிற் காயும் கம்பளி, கொழுந்துக் கூடை, வாழையில் வந்து குந்தும் கொண்டைக்குருவி. வரைந்து முடிந்ததும் ஆசிரியர்கள் படத்தைத் திருப்பச் சொல்லி, திகதி, நேரம், மழையா வெயிலா, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று பிள்ளையின் கையாலேயே பின்புறத்தில் எழுதுவிக்க வேண்டும்.