பழைய சுவரில் ஏறும் ஈரம்

(கற்பிட்டியில் மீள்குடியேற்றத்துக்கு ஆயத்தமாகும் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரை)



1990 ஒக்டோபரில் விட்டுவந்த வீட்டின் சுவர் இன்னும் நிற்கிறது என்று முசலிப் பக்கம் போய்ப் பார்த்த சிலர் சொன்னீர்கள். கூரையைப் போட்டுப் பூசிவிட்டால் போதும் என்றும் சொன்னீர்கள். அந்தச் சுவரைப் பற்றித்தான் கதைக்க வந்தேன்.

கற்பிட்டியில் இருந்த உங்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. சுவரின் அடியில் இரண்டு மூன்று அடிக்குப் பூச்சு பொரிந்து உதிரும். வெள்ளைப் பொடி பூக்கும். திரும்பப் பூசுவோம், அடுத்த மாரியில் திரும்ப உதிரும். மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. நிலத்தடி நீர் கிட்ட இருக்கிற உவர் மண்ணில், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் சுவர் நீரை இழுக்கிறது. நீர் காய்ந்து போகும், உப்பு உள்ளே தங்கும். அது இறுகிப் பருக்கும்போது பூச்சைத் தள்ளிவிடும். அதன்மேல் கெட்டியாகச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும்.

இதற்குத் தடை, அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே போடும் ஈரத்தடுப்புப் படை. மேசன்மார் டீ.பி.சி. என்பார்கள். வெளி நிலத்திலிருந்து குறைந்தது 6 அங்குலம் மேலே, சுவரின் முழு அகலத்துக்கும் இடைவெளியில்லாமல் போட வேண்டும்: ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல், முக்கால் அங்குலத் தடிப்பு, காய்ந்தபின் இரண்டு முறை சூடான தார், மேலே மணல் தூவல். வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாக வரும். சுவர் எழும்பிவிட்டால் இது யார் கண்ணுக்கும் படாது. ஆகவே போடும் நாளில் வீட்டுக்காரர் பக்கத்தில் நில்லுங்கள். பிறகு முற்றத்துக்கு மண் நிரப்பும்போது அதை மூடிவிடாதீர்கள்.

பழைய சுவர்களில் பெரும்பாலும் இது இருக்காது. வெடித்த, சாய்ந்த சுவரை இடிப்பதே நல்லது, மனம் கேட்காதுதான். உறுதியான சுவரென்றால் கூரை ஏற்றுமுன், அனுபவமுள்ள மேசனைக் கொண்டு இரண்டு இரண்டு அடியாக, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டிப் படையைச் செருகலாம். உப்பேறிய பழைய பூச்சை முழுதாகக் கொத்தி எடுங்கள். சுவர் காய்ந்ததா என்று பார்க்க ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் இறுக்கி ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் பூச்சைத் தள்ளிப்போடுங்கள்.

கதவு நிலையின் கால் மண்ணைத் தொடக்கூடாது. ஈரமும் கறையானும் அவ்வழியேதான் வரும். கடல் மணல், உவர்க் கிணற்று நீர் இரண்டையும் கலவைக்குப் பாவிக்க வேண்டாம்.

இன்னொன்று: உங்கள் காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று அதிகாரிகள் உறுதிப்படுத்துமுன் அத்திவாரம் தோண்டாதீர்கள், பற்றை வெட்டவும் வேண்டாம்.

பழைய சுவரின் படம் கைபேசியில் இருப்பவர்கள் முன்னே வாருங்கள், மேசனாரும் வந்திருக்கிறார், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.